குழந்தைகளின் யூரிட்டர் பரிசோதனைகள்: எது எதற்குத் தகும்

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாய்க்கு யூரிட்டர் என்று பெயர். பிறவியிலேயே அது சரியாக அமையாத குழந்தைகளுக்கு இன்று எடுக்கப்படும் படங்கள் முக்கியமாக ஆறு: அல்ட்ராசவுண்ட், எம்சியூஜி (சிறுநீர் கழிக்கும்போது எடுக்கும் எக்ஸ்-ரே), நுண்குமிழி ஸ்கேன், மாக்-3, டிஎம்எஸ்ஏ (இவை இரண்டும் கதிரியக்க மருந்து ஏற்றி எடுப்பவை), எம்ஆர் யூரோகிராம் (சிறுநீர்ப் பாதையின் எம்ஆர்ஐ). ஆறையும் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பெற்றோர் நினைப்பதுண்டு. அப்படித் தெரிந்துவிடாது. குழாய் விரிந்திருக்கிறதா, சிறுநீர் மேல்நோக்கித் திரும்புகிறதா, கீழே இறங்கும் வழி அடைபட்டிருக்கிறதா, அந்தச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, குழாயின் நுனி எங்கே போய்த் திறக்கிறது என்று கேள்விகள் ஐந்து. ஒவ்வொரு பரிசோதனையும் இவற்றில் ஒன்றுக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அரைகுறையாகச் சொல்லும். மூன்றாவதைக் கேட்டால் தவறாகச் சொல்லும்.

ஆறு பரிசோதனைகளையும் எடைபோடும்போது திரும்பத் திரும்ப வந்து நிற்பது இயந்திரத்தின் விலையோ மாடலோ அல்ல. படம் எடுத்த நேரத்தில் சிறுநீர்ப்பை எவ்வளவு நிறைந்திருந்தது, குழந்தையின் உடலில் போதிய நீர் இருந்ததா என்பவைதான். அறிக்கையில் இவை இரண்டும் எழுதப்படாவிட்டால், மற்ற எண்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பாதி மதிப்புதான்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சிறுநீரகத்தின் நடுவில் சிறுநீர் சேரும் பைக்கு பெல்விஸ் என்று பெயர். சிறுநீரை அதில் கொண்டுசேர்க்கும் சிறு குழிவுகளுக்குக் கிண்ணங்கள் என்று பெயர். பெல்விஸும் யூரிட்டரும் சேரும் இடத்தில் வருவது பியூஜே அடைப்பு. யூரிட்டரின் கீழ்முனை சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் குறுகி, குழாய் முழுவதும் விரிந்தால் மெகாயூரிட்டர். அதே கீழ்முனையின் வால்வு போன்ற அமைப்பு பலவீனமாக இருந்து சிறுநீர் மேலே திரும்பினால் ரிஃப்ளக்ஸ். ஒரே சிறுநீரகத்திலிருந்து இரண்டு குழாய்கள் இறங்கினால் டூப்ளெக்ஸ். குழாயின் நுனி சிறுநீர்ப்பைக்குள் பலூன் போல உப்பினால் யூரிட்டரோசீல். நுனி சிறுநீர்ப்பையின் வழக்கமான மூலையை விட்டு வேறெங்காவது திறந்தால் எக்டோபிக் யூரிட்டர். வலப்பக்க யூரிட்டர் பெருஞ்சிரைக்குப் பின்னால் சுற்றிவருவதும் உண்டு, அபூர்வம். உண்மையில் அது யூரிட்டரின் குறையே அல்ல, கருவில் அந்தச் சிரை உருவான விதத்தின் குறை.

டூப்ளெக்ஸில் மட்டும் ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. 1877-இல் வைகர்ட்டும் 1907-இல் மேயரும் விவரித்ததால் இருவர் பெயராலும் வழங்கும் விதி அது. இரண்டு குழாய்களும் தனித்தனியாக இறங்கினால், சிறுநீரகத்தின் மேல்பாதியிலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் கீழேயும் நடுக்கோட்டுக்கு அருகிலும் திறக்கும். கீழ்பாதிக் குழாய் மேலேயும் வெளிப்புறமாகவும் திறக்கும். தலைகீழாகத் தோன்றினாலும் பெரும்பாலும் இப்படித்தான். மேல்பாதிக் குழாய்க்கு அடைப்பும் யூரிட்டரோசீலும் வரும். கீழ்பாதிக் குழாய்க்கு ரிஃப்ளக்ஸ் வரும். இதைத் தெரிந்தவர் கையில் அல்ட்ராசவுண்ட் கருவி இருந்தால், சிறுநீரகத்தின் மேல்பாதி மட்டும் வீங்கியிருப்பதைக் கண்டவுடன் கருவியைச் சிறுநீர்ப்பைக்கு நகர்த்தி யூரிட்டரோசீலைத் தேடுவார். தெரியாதவர் "மேல்முனையில் நீர்க்கட்டி" என்று எழுதி முடித்துவிடுவார். இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இதுதான்.

அல்ட்ராசவுண்ட்

எல்லாவற்றுக்கும் தொடக்கம் இதுவே, தகுதியும் இதற்குண்டு. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, மயக்கம் தேவையில்லை. விரிவு இருக்கிறதா என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த பதில் வேறு எந்தப் படத்திலும் கிடைக்காது. ஆனால் விரிவுக்குக் காரணம் என்ன என்று இதைக் கேட்காதீர்கள். ரிஃப்ளக்ஸ் இல்லை என்று உறுதிசெய்ய இதனால் முடியவே முடியாது. ஓரளவு கடுமையான ரிஃப்ளக்ஸ் உள்ள குழந்தைக்கும் அல்ட்ராசவுண்ட் முற்றிலும் இயல்பாக வரலாம்.

கருவில் இருக்கும்போதே பெல்விஸின் முன்பின் அகலம் அளக்கப்படுகிறது. சிறுநீர்ப் பாதையின் விரிவைத் தரம்பிரிக்க 2014-இல் பல துறைச் சங்கங்கள் கூடி வகுத்த யூடிடி முறைப்படி, 16 முதல் 27 வாரம் வரை 4 மி.மீ.க்குக் கீழும், 28 வாரத்துக்குப் பிறகு 7 மி.மீ.க்குக் கீழும் இயல்பு. 28 வாரத்துக்குப் பிறகு 10 மி.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பிறந்த பிறகு எல்லைகள் மாறும்: 10 மி.மீ.க்குக் கீழ் இயல்பு. 10 முதல் 15 மி.மீ.க்குள், நடுக்கிண்ணங்கள் மட்டும் விரிந்திருந்தால் பி-1 என்னும் தரம்; 15 மி.மீ.யைத் தொட்டாலோ, ஓரக் கிண்ணங்கள் விரிந்திருந்தாலோ, யூரிட்டர் விரிந்திருந்தாலோ பி-2. சிறுநீரகத் திசு மெலிந்திருந்தாலோ, அதன் தோற்றம் மாறியிருந்தாலோ, சிறுநீர்ப்பையே கோளாறாக இருந்தாலோ பி-3. எல்லா அம்சங்களிலும் எது மிக மோசமோ அதுதான் தரத்தைத் தீர்மானிக்கும். பெல்விஸ் 11 மி.மீ.தான், ஆனால் யூரிட்டர் விரிந்திருக்கிறது என்றால் அது பி-2. இந்த இடத்தில் பல அறிக்கைகள் சறுக்குகின்றன. பெல்விஸ் எண்ணை மட்டும் எழுதிவிட்டு "லேசான விரிவு" என்கின்றன.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். பிறந்த முதல் 48 மணி நேரத்தில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகத்தான் உற்பத்தியாகும். அப்போது எடுத்தால் உண்மையான விரிவு சுருங்கிப்போய் இயல்பாகத் தெரியும். அதனால் 48 மணி நேரம் கழித்தே முதல் ஸ்கேன். அது இயல்பாக இருந்தாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் இன்னொன்று. இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் தாமதம் கூடாது: இரண்டு பக்கமும் விரிந்திருந்தால், ஒரே சிறுநீரகம்தான் இருந்தால், கருவில் பனிக்குட நீர் குறைந்திருந்தால், ஆண்குழந்தைக்குச் சிறுநீர்ப்பைச் சுவர் தடித்து இரண்டு யூரிட்டரும் விரிந்திருந்தால். கடைசியாகச் சொன்ன நிலையில் குற்றவாளி யூரிட்டர் அல்ல. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயான யூரித்ராவில் இருக்கும் வால்வு. அதை யூரிட்டர் கோளாறு என்று எண்ணி ஆறு வாரம் காத்திருந்தால் சிறுநீரகங்கள் பாழாகும்.

நல்ல ஸ்கேன் எப்படி இருக்கும்? குழந்தை பால் குடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஜெல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், குளிர்ந்த ஜெல் பட்டவுடன் குழந்தை சிறுநீர் கழித்துவிடும். சிறுநீர்ப்பை காலியானால் அதன் பின்னால் இருக்கும் யூரிட்டர் தெரியாது. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் சிறுநீரகத்துக்குப் போகாமல் முதலில் சிறுநீர்ப்பையைப் பார்க்கிறார்கள். பையின் பின்னால் குறுக்குவாட்டில் கருவியை வைத்தால் இயல்பான யூரிட்டர் பெரும்பாலும் தெரியாது. தெரிந்து, 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலம் இருந்தால் மெகாயூரிட்டர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நொடி உறைய வைத்த படத்தை நம்பக்கூடாது. யூரிட்டர் அலை அலையாகச் சுருங்கி விரியும், அலை கடக்கும் நொடியில் இயல்பான குழாயும் அகலமாகத் தெரியும். சில நிமிடமாவது தொடர்ந்து பார்த்தால்தான் தெளிவாகும். பிறகு குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, சிறுநீரகத்தின் குறுக்குவெட்டில், திசுவின் உள்விளிம்புக்கு உள்ளே பெல்விஸை அளக்க வேண்டும். வெளியே துருத்தி நிற்கும் பகுதியை அளந்தால் எண் தேவையில்லாமல் கூடும்.

யூரிட்டரோசீல் சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய சுவருள்ள நீர்க்குமிழி போலத் தெரியும். பை பாதி நிரம்பியிருக்கும்போதுதான் இது நன்றாகத் தெரியும். பை முட்டமுட்ட நிரம்பினால் அழுத்தத்தில் குமிழி தட்டையாகி மறைந்துவிடும். பை காலியாக இருந்தால் குமிழியையே சிறுநீர்ப்பை என்று எண்ணிவிடலாம். இரண்டு தவறும் நடக்கின்றன.

இன்னொரு பொறி: பிறந்த குழந்தையின் சிறுநீரகத்தில் பிரமிடு என்னும் பகுதிகள் ஸ்கேனில் கருப்பாகத் தெரியும். பழக்கமில்லாதவர் அவற்றை விரிந்த கிண்ணங்கள் என்று எழுதிவிடுவார். விரிந்த கிண்ணங்கள் ஒன்றோடொன்றும் பெல்விஸோடும் சேர்ந்திருக்கும். பிரமிடுகள் தனித்தனியாக, வரிசையாக நிற்கும். இந்த வித்தியாசம் ஒன்றே போதும்.

சற்று வளர்ந்த குழந்தை அவ்வப்போது விலாவில் வலி வந்து வாந்தியெடுத்து, சில மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது என்றால், வலி இல்லாத நாளில் எடுத்த ஸ்கேனை வைத்து எதையும் தள்ளிவிடக்கூடாது. சிறுநீரகத்தின் கீழ்முனைக்குப் போகும் ரத்தக்குழாய் பியூஜேயை அழுத்தும்போது மட்டும் பெல்விஸ் உப்பும். வலிக்கும்போதே ஸ்கேன் எடுத்தால்தான் பிடிபடும்.

எம்சியூஜி

சிறுநீர் மேலே திரும்புகிறதா என்பதற்கு நீண்ட காலமாக அளவுகோலாக நிற்பது இது. யூரித்ரா வழியே மெல்லிய குழாய் செருகி, சிறுநீர்ப்பையை எக்ஸ்-ரே மருந்தால் நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்வரை பார்க்கும் பரிசோதனை. குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஆறிலும் கடினமானது இதுவே என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் எடுத்தால் ஒழுங்காக எடுக்க வேண்டும். சரியாக எடுக்காமல் இரண்டாம் முறை எடுக்க வைப்பது கொடுமை.

பச்சிளங்குழந்தைக்கு 5 ஃபிரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அளவு), வளர்ந்த குழந்தைகளுக்கு 8 ஃபிரெஞ்ச் அளவுள்ள ஃபீடிங் டியூப் போதும். நுனியில் பலூன் உள்ள ஃபோலி குழாய் வேண்டாம். பலூன் யூரிட்டரோசீல் போலத் தோன்றும், சிறுநீர்ப்பையின் வாயை அடைக்கும், மறந்து யூரித்ராவுக்குள் ஊதிவிட்டால் காயம் வேறு. சிறுநீரில் கிருமி இருக்கும்போது பரிசோதனை செய்யக்கூடாது. கிருமியை மேலே தள்ளிவிடும்.

மருந்து உடல்சூட்டில் இருக்க வேண்டும். பாட்டிலிலிருந்து தானாக இறங்க வேண்டும், சிரிஞ்சால் அழுத்தக்கூடாது. கையால் அழுத்தினால் பைக்குள் இயல்புக்கு மீறிய அழுத்தம் உண்டாகி, இல்லாத ரிஃப்ளக்ஸை உருவாக்கலாம். எவ்வளவு நிரப்புவது? ஒரு வயதுக்குக் கீழ், எடை கிலோவை 7-ஆல் பெருக்கிய மில்லி. 4 கிலோ குழந்தைக்கு 28 மில்லி. ஒரு வயதுக்கு மேல், வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்க வேண்டும். மூன்று வயதுக்கு 150 மில்லி. இது வழிகாட்டி மட்டுமே. கணக்குப்படி நிரப்பி நிறுத்திவிட்டு, குழந்தை கழிக்கும்முன் குழாயை எடுத்துவிட்டால் பரிசோதனை முடியவில்லை என்றே பொருள். பல ரிஃப்ளக்ஸ்கள் சிறுநீர் கழிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் தெரியும்.

எந்தெந்தப் படங்கள் இருக்க வேண்டும் என்பதை வைத்தே சேவையின் தரத்தைச் சொல்லிவிடலாம். மருந்து விடுமுன் ஒரு வெறும் படம்: முதுகெலும்பின் கீழ்ப்பகுதி, மலச்சிக்கல், கல் ஆகியவற்றுக்காக. நிரம்பத் தொடங்கும்போது ஒன்று: யூரிட்டரோசீல் இந்தப் படத்தில் மட்டுமே மருந்துக்குள் வட்டமான வெற்றிடமாகத் தெரியும், பிறகு அடர்ந்த மருந்து அதை மூடிவிடும், சில சமயம் அழுத்தத்தில் உள்வெளியாகத் திரும்பிப் பையிலிருந்து பிதுங்கிய புடைப்பு போலக் காட்டி ஏமாற்றும். நிரம்பியபின் இருபக்கமும் சாய்வாக: யூரிட்டர் எந்த இடத்தில் நுழைகிறது என்று காண. கழிக்கும்போது, ஆண்குழந்தைக்குச் சாய்த்துவைத்து யூரித்ரா முழுவதும். கழித்தபின் சிறுநீரகங்கள். ரிஃப்ளக்ஸ் ஆகியிருந்தால் சற்றுக் காத்திருந்து இன்னொன்று: மேலே போன மருந்து இறங்காமல் தேங்கியே நின்றால் அந்த யூரிட்டரில் அடைப்பும் இருக்கலாம். ரிஃப்ளக்ஸும் அடைப்பும் ஒரே குழாயில் சேர்ந்து இருப்பதைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படத்தை எடுக்காததால்தான்.

ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று முறை நிரப்பிக் கழிக்க வைப்பது சிறந்தது. குழாய் உள்ளேயே இருக்கட்டும், குழந்தை அதன் பக்கவாட்டில் கழித்துவிடும். சிறுநீர்ப்பையின் கழுத்திலோ யூரித்ராவிலோ திறக்கும் எக்டோபிக் யூரிட்டர் முதல் சுற்றில் தெரியாமல் இரண்டாவதில் தெரியும்.

தரம் 1985-இல் வெளியான சர்வதேச முறைப்படி ஐந்து: யூரிட்டரோடு நின்றால் 1, பெல்விஸை எட்டியும் விரிவில்லை என்றால் 2, லேசான, மிதமான விரிவு 3, கிண்ணங்களின் கூர்முனை மழுங்கினால் 4, குழாய் பாம்பாக நெளிந்து கிண்ணங்களின் உட்குழிவு அழிந்தால் 5. அறிக்கையில் தரத்தோடு, எத்தனை மில்லியில் ரிஃப்ளக்ஸ் தொடங்கியது, நிரம்பும்போதா கழிக்கும்போதா என்பதும் இருக்க வேண்டும். தானாகச் சரியாகும் வாய்ப்பைக் கணிக்க இவை உதவும். டூப்ளெக்ஸின் கீழ்பாதியில் மட்டும் ரிஃப்ளக்ஸ் ஆனால், விரிந்த மேல்பாதி அதைக் கீழே தள்ளுவதால் கிண்ணங்கள் வாடித் தலைகவிழ்ந்த பூப்போலத் தெரியும். கிண்ணங்களின் எண்ணிக்கையும் குறைவாக இருக்கும். மேல்பாதி படத்தில் தெரியாவிட்டாலும் அங்கே ஒன்று இருக்கிறது என்று சொல்லும் தடயம் இது.

இந்தப் பரிசோதனையை அளவுக்கு மீறிப் பரிந்துரைப்பதும் நடக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011-இல் வெளியிட்ட வழிகாட்டல், 2 முதல் 24 மாதக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் முதல் சிறுநீர்த் தொற்றில் அல்ட்ராசவுண்ட் போதும், அதில் கோளாறு தெரிந்தால் மட்டும் எம்சியூஜி என்றது. 2014-இல் வந்த ரிவர் ஆய்வு, ரிஃப்ளக்ஸ் உள்ள 607 குழந்தைகளை இரண்டாண்டு கவனித்தது: தினசரி தடுப்பு ஆன்டிபயாடிக் தொற்று மீண்டும் வருவதைப் பாதியாகக் குறைத்தது, ஆனால் சிறுநீரகத் தழும்பில் வித்தியாசம் தெரியவில்லை. இவை இரண்டையும் மனதில் வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு தொற்று வந்த, அல்ட்ராசவுண்ட் இயல்பான குழந்தைக்கு உடனே எம்சியூஜி எழுதுவதை எங்களால் ஆதரிக்க முடியவில்லை. மெகாயூரிட்டர் இருந்தாலோ, டூப்ளெக்ஸில் ஒரு பாதி விரிந்திருந்தாலோ, தொற்று மீண்டும் வந்தாலோ தயங்க வேண்டியதில்லை.

கதிர்வீச்சு பற்றிய பயத்துக்கு: துடிப்புமுறை ஃப்ளூரோஸ்கோப்பியில் (விட்டுவிட்டுப் பாயும் எக்ஸ்-ரேயில்) கவனமாக எடுத்தால் 1 மில்லிசீவர்ட்டுக்கும் கீழேயே முடிக்கலாம். இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு உலகச் சராசரியாக ஒருவருக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது.

நுண்குமிழி ஸ்கேன்

எக்ஸ்-ரே மருந்துக்குப் பதிலாக, சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு வாயு அடைத்த நுண்குமிழிகளைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ குழந்தைகளின் ரிஃப்ளக்ஸ் பரிசோதனைக்காக இதற்கு அனுமதி தந்தது. கதிர்வீச்சு இல்லை என்பதால் எவ்வளவு நேரமும் தொடர்ந்து பார்க்கலாம். விட்டுவிட்டு வரும் ரிஃப்ளக்ஸ் தப்பாது. ஆனால் குழாய் செருகும் துன்பம் அப்படியேதான் இருக்கும், அதைச் சொல்லாமல் "வலியில்லாப் பரிசோதனை" என்று சொல்வது சரியல்ல. கருவியின் ஒலிவலிமையைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் குமிழிகள் உடைந்துவிடும். பெண்குழந்தைக்கும், ஏற்கெனவே ரிஃப்ளக்ஸ் தெரிந்து மறுபடி பார்க்க வேண்டியவர்களுக்கும் எங்கள் முதல் தேர்வு இது. யூரித்ரா வால்வு சந்தேகம் உள்ள ஆண்குழந்தைக்கு, கைதேர்ந்தவர் இல்லாத இடத்தில், எம்சியூஜியே பத்திரம்.

மாக்-3

அடைப்பா, வெறும் விரிவா என்பதைப் பிரிக்க எடுப்பது. டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருள் சேர்த்த மாக்-3 என்னும் மருந்தை நரம்பில் ஏற்றி, அது சிறுநீரகத்தில் ஏறி இறங்கும் வேகத்தை காமா கேமரா வரைகோடாகத் தரும். நடுவில் ஃப்யூரோசிமைடு கொடுத்துச் சிறுநீரை வேகமாக ஓடவைப்பார்கள். குழந்தைக்கு வழக்கமாகக் கிலோவுக்கு 1 மில்லிகிராம். அப்போது தேங்கியது சரசரவென இறங்கினால் அடைப்பில்லை.

படிக்க எளிதாகத் தோன்றுவதால் மிக எளிதாகத் தவறாகப் படிக்கப்படுவதும் இதுவே. பாதி மருந்து வெளியேறும் நேரம் 10 நிமிடத்துக்குள் என்றால் இயல்பு, 20 நிமிடத்தைத் தாண்டினால் அடைப்பு என்று பாடம் இருக்கிறது. 10 நிமிடத்துக்குள் இறங்கினால் நம்பலாம். 20-ஐத் தாண்டியதை மட்டும் வைத்து அறுவைக்கு எழுதக்கூடாது. உடலில் நீர் குறைந்திருந்தால் கோடு இறங்காது. சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் ஃப்யூரோசிமைடுக்கு அது பதிலே தராது, கோடு இறங்காது. பெல்விஸ் பெரிய தொட்டி போல இருந்தால் வழி திறந்திருந்தும் வடிய நேரமாகும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் மேலே இருப்பது இறங்க இடமில்லை, கோடு இறங்காது. ஊசி நரம்பை விட்டு விலகித் தசையில் மருந்து தேங்கியிருந்தால், மெதுவாக ஏறிவரும் கோடு அடைப்பு போலவே தோன்றும். ஊசி போட்ட கையையும் ஒரு படம் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அதனால் கேட்க வேண்டியவை: முன்னதாகப் பால், நீர் நன்றாகக் கொடுக்கப்பட்டதா, தேவையென்றால் நரம்பில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி திரவம் ஏற்றப்பட்டதா? சிறுநீர்ப்பையில் குழாய் இருந்ததா, அல்லது கழித்தபின் படம் எடுக்கப்பட்டதா? முடிவில் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கழிக்க வைத்து, 50 முதல் 60 நிமிடத்தில் இன்னொரு படம் எடுக்கப்பட்டதா? படுத்திருந்தபோது இறங்காதது நிமிர்த்தியவுடன் காலியாவதைப் பலமுறை காணலாம். அந்த ஒரு படம் பல குழந்தைகளுக்குத் தேவையில்லாத கத்தியைத் தவிர்த்திருக்கும்.

மெகாயூரிட்டருக்கு மாக்-3 எடுக்கும்போது கணினியில் சிறுநீரகத்தைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டால் போதாது. பெல்விஸ் காலியாகி மருந்தெல்லாம் விரிந்த யூரிட்டரில் தேங்கியிருக்கும். சிறுநீரகக் கோடு மட்டும் பார்த்தால் "அடைப்பில்லை" என்று வந்துவிடும். யூரிட்டருக்குத் தனிக் கோடு வேண்டும். டூப்ளெக்ஸில் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் தனித்தனி வேண்டும்.

பிறந்து நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்வரை இதைத் தள்ளிப்போடுவதே நல்லது. அதற்குமுன் சிறுநீரகம் முதிராததால் மருந்தை நன்றாக எடுக்காது. ஒரே ஒரு மாக்-3 வைத்து முடிவெடுப்பதைவிட இரண்டை ஒப்பிடுவது மேல். அந்தப் பக்கச் சிறுநீரகத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, அடுத்த முறைக்குள் 5 முதல் 10 சதவீதப் புள்ளி சரிந்தாலோ அறுவை பற்றிப் பேச வேண்டிய நேரம்.

டிஎம்எஸ்ஏ

வடிவதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எந்தச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, தழும்பு எங்கே என்று மட்டும் சொல்லும். அதில் இதற்கு இணை இல்லை. மருந்து ஏற்றி இரண்டு முதல் நான்கு மணி நேரம் கழித்துப் படம். ஒரு பக்கத்தின் பங்கு 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு. கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட்.

நிரந்தரத் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க, தொற்று ஆறி நான்கு முதல் ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டும். காய்ச்சல் நேரத்திலோ ஒரு மாதத்திலோ எடுத்தால், ஆறிவிடக்கூடிய வீக்கமும் தழும்பு போலவே தெரியும். அதைத் தழும்பு என்று எழுதிவிட்டால் அந்த வார்த்தை குழந்தையின் கோப்பில் ஒட்டிக்கொள்ளும், பிறகு போகவே போகாது. விரிந்த பெல்விஸ் உள்ள இடமும் வெற்றிடமாகத் தெரியும், அது தழும்பல்ல. இடப்பக்கம் மண்ணீரல் பதிந்த பள்ளமும் அப்படியே. இதனால் டிஎம்எஸ்ஏயை அல்ட்ராசவுண்டை அருகில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

எம்ஆர் யூரோகிராம்

குழாயின் நுனி எங்கே திறக்கிறது என்ற கேள்விக்கு இதுதான் விடை. ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கும் பழக்கம் வந்த பிறகும், இரண்டு முறை கழிப்பதற்கு நடுவில் உள்ளாடை எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்று ஒரு பெண்குழந்தையை அழைத்துவந்தால், எக்டோபிக் யூரிட்டரை நினைக்க வேண்டும். அடக்கும் தசைக்குக் கீழே, யூரித்ராவிலோ பிறப்புறுப்பு வாயிலிலோ பிறப்புப் பாதையிலோ நுனி திறந்திருக்கும். சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே இருக்கும். ஆண்குழந்தைக்கு நுனி எப்போதும் அந்தத் தசைக்கு மேலேயே திறப்பதால் இந்த ஈரம் வராது. பதிலாக விதைமேல் குழலில் தொற்று வரலாம். அந்தச் சொட்டும் சிறுநீர் பெரும்பாலும் டூப்ளெக்ஸின் சிறிய, வளர்ச்சி குன்றிய மேல்பாதியிலிருந்து வருகிறது. அது அவ்வளவு சிறியது என்பதால் அல்ட்ராசவுண்ட் இயல்பு என்று வரும், மாக்-3 ஒன்றும் காட்டாது, குழந்தைக்கு "மனப் பழக்கம்", "சிறுநீர்ப்பை பலவீனம்" என்று ஆண்டுக்கணக்கில் மருந்து போகும். திரவத்தை வெண்மையாகக் காட்டும் டி-2 எம்ஆர் படத்துக்குச் சிறுநீரகம் வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. தேங்கிய நீர் இருந்தால் போதும், குழாய் முழுவதும் தெரியும். இந்த ஒரு பயனுக்காகவே இந்தப் பரிசோதனை தன் விலைக்குத் தகும்.

சிறுநீரகச் செயலையும் சேர்த்து அளக்கும் முறையில், கிலோவுக்கு 0.1 மில்லிமோல் காடோலினியம் என்னும் எம்ஆர் மருந்தை ஏற்றுகிறார்கள். சுமார் 15 நிமிடம் முன்னதாக ஃப்யூரோசிமைடு. இதை விட்டுவிட்டால் காடோலினியம் யூரிட்டரில் அடர்ந்து, வெள்ளையாகத் தெரிய வேண்டிய குழாய் கருப்பாகிவிடும். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்த குழந்தைக்குக் காடோலினியம் கொடுப்பதற்குமுன் இருமுறை யோசிக்க வேண்டும். டி-2 படத்தோடு நிறுத்திக்கொள்வதே பெரும்பாலும் போதும்.

குறை: அசையாமல் இருக்க வேண்டும். சில மாதக் குழந்தையை நன்றாகப் பால் கொடுத்துத் துணியில் சுற்றித் தூங்கவைத்தே எடுக்கலாம். அதற்கு மேல், சுமார் ஐந்து, ஆறு வயதுவரை மயக்கம் தேவைப்படும். மூச்சின் அசைவால் படம் கலங்கினால் மெல்லிய யூரிட்டர் காணாமல் போகும். அப்படிக் கலங்கிய படத்தை வைத்து "எக்டோபிக் இல்லை" என்று எழுதிய அறிக்கையை ஏற்காதீர்கள்.

நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் ஐவியூ என்ற பழைய எக்ஸ்-ரேயை இன்று குழந்தைகளுக்கு எடுக்க வேண்டிய தேவை மிக அரிது. சிடி ஸ்கேனும் அப்படியே, பெருஞ்சிரைக்குப் பின்னால் சுற்றும் யூரிட்டரைச் சிடி ஸ்கேன் அழகாகக் காட்டும்தான், எம்ஆரும் காட்டும்.

அறிக்கையைக் கையில் வாங்கும்போது

படங்களைக் குறுந்தகட்டிலோ கோப்பாகவோ கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் அச்சிட்ட நான்கு படம் போதாது. அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் இவை இருக்க வேண்டும்: சிறுநீரகத்தின் நீளம், பெல்விஸ் அகலம் எந்த நிலையில் படுத்து அளந்தது, கிண்ணங்களில் எவை விரிந்தன, திசுவின் தடிமன், பைக்குப் பின்னால் யூரிட்டரின் அகலம், பைச்சுவரின் தடிமன், கழிக்குமுன்னும் பின்னும் பையின் கொள்ளளவு. "இடது ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீரக விரிவு), மேல் பரிசோதனை தேவை" என்ற ஒற்றை வரியோடு வரும் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து விவரம் கேட்பதில் தவறில்லை.

அடுத்த ஸ்கேனோடு ஒப்பிடும்போதுதான் இந்த விவரங்களின் அருமை தெரியும். மூன்று மாதம் முன்பு பெல்விஸ் 14 மி.மீ., இப்போது 17 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பி-1 ஆக இருந்தது பி-2 ஆகிவிட்டது என்று வீடே கலங்கும். முன்பு எடுத்தபோது பை காலியாகவும் இப்போது நிரம்பியும் இருந்ததா என்று முதலில் பாருங்கள். குழந்தையைக் கழிக்கவிட்டு, கால் மணி நேரம் கழித்து, அதே குப்புறப் படுத்த நிலையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 14-க்கு இறங்கிவிட்டால் சிறுநீரகத்தில் எதுவும் மாறவில்லை. 17-லேயே நின்றால் அடுத்தது மாக்-3.